எழுதியிருப்பது 34, டேப்பில் 37½: தீபாவளித் துணிகளை அளந்து பிரித்துத் தைத்த பதிவு

இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை செய்தோம். பீரோவில் இருந்த சட்டை, சிலுவார் (பேண்ட்), குர்தா, ரவிக்கை எல்லாவற்றையும் இறக்கி, கூடத்தில் பாய் விரித்துப் போட்டு, ஒவ்வொன்றாக டேப் வைத்து அளந்தோம். அளந்ததை நோட்டில் எழுதினோம். அப்புறம் எங்கள் உடம்பை அளந்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதைப் பிரித்துத் தைக்கலாம், எதை வேறு யாருக்காவது கொடுக்கலாம், புதிதாக எதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில், ஒரு தாமானில் (குடியிருப்பில்) எங்கள் வீடு. வேலை முடிந்து வந்து சாயங்காலம் வீட்டிலேயே ஆல்டரேஷன் தைத்துக் கொடுக்கிறேன். என்னிடம் வரும் துணிகளில் நிறைய புதுத்துணி. சிலவற்றில் டேக்கூடப் பிரித்திருக்காது. "என் சைஸ் பார்த்துத்தான் வாங்கினேன் அக்கா, போட்டுப் பார்த்தா பிடிக்குது" என்பார்கள், இல்லாவிட்டால் தொளதொளவென்று இருக்கிறது என்பார்கள். வயசுப் பெண்பிள்ளைகள் இதைச் சொல்லும்போது குரலே இறங்கிவிடும். தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். ஒரு கோளாறும் இல்லை. டேகில் அச்சடித்த எண்ணுக்கும் துணியின் நிஜ அளவுக்கும் ஒட்டு உறவு விட்டுப்போய் வெகு காலமாகிவிட்டது. வருகிறவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூன்று 34

தம்பியின் சிலுவார்களில் இருந்து தொடங்கினேன். பெண்கள் துணியில் வரும் 8, 10, 12 என்பதும், எஸ், எம், எல் என்பதும் எந்த அளவையும் நேரடியாகச் சொல்லாத குறிகள். ஆண்கள் சிலுவாரில் 34 என்று போட்டால் இடுப்புச் சுற்றளவு 34 அங்குலம் என்று அர்த்தம். அர்த்தம் அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் இங்கே பொய் சொன்னால் டேப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அளக்கிற முறை சுலபம். பட்டனையும் ஜிப்பையும் போட்டுவிட்டுத் தட்டையாகத் தரையில் வைக்க வேண்டும். முன்பக்கப் பட்டியும் பின்பக்கப் பட்டியும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரும்படி இழுத்துவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்து இரண்டால் பெருக்க வேண்டும். பட்டி வளைந்து வெட்டியிருந்தால் டேப்பும் அந்த வளைவோடு போக வேண்டும். நேராக இழுத்தால் அளவு குறைத்துக் காட்டும்.

மூன்று சிலுவார், மூன்று வேறு வேறு கம்பெனி, மூன்றிலும் 34. முதலாவது 34½ இருந்தது. இரண்டாவது 35½. ஆபீசுக்குப் போட வாங்கிய கறுப்பு சிலுவார் 37½. தம்பி நம்பவில்லை. என் கையில் இருந்த டேப்பை வாங்கித் தானே அளந்தான்.

"அப்போ நான் 34 இல்லையா அக்கா?"

அவன் சிலுவார் நிற்கும் இடத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, சட்டையைத் தூக்கிவிட்டு அளந்தேன். 35½. முதல் சிலுவாரைப் போடும்போதெல்லாம் சாப்பிட்டவுடன் பட்டனைத் தளர்த்துவான், மூன்றாவதைப் பெல்ட் போட்டுச் சுருக்கிக் கட்டுவான். இரண்டுக்கும் காரணம் அவன் வயிறு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான்.

துணித் தொழிலில் இதை வேனிட்டி சைசிங் என்கிறார்கள். துணியைப் பெரிதாக வெட்டிவிட்டு, டேகில் சின்ன எண்ணைப் போடுவது. 36 போடுகிறவர் 34க்குள் நுழைந்துவிட்டால் மனம் குளிர்ந்து வாங்கிவிடுவார் என்ற கணக்கு. 2010இல் எஸ்குவயர் இதழுக்காக ஏப்ரம் சாவர் என்பவர் அமெரிக்கக் கடைகளில் 36 என்று போட்ட சிலுவார்களை டேப் வைத்து அளந்தார். ஒன்றில் இடுப்பு 41 அங்குலம் இருந்தது. ஐந்து அங்குலம் என்பது தையலில் சின்ன வித்தியாசம் இல்லை. அந்த இடைவெளியில் இன்னும் இரண்டு சைஸ் அடங்கிவிடும்.

பெண்கள் துணியில் இது இன்னும் தூரம் போயிருக்கிறது. 1937இல் அமெரிக்காவின் சியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியலில் 14ஆம் எண் உடைக்கு மார்பளவு 32 அங்குலம். 1967 வாக்கில் அதே 32 அங்குலத்துக்கு 8 என்று பெயர். 2011இல் அதே அளவு பூஜ்யம் ஆகிவிட்டது. பாட்டி 14 போட்டாள், பேத்தி 0 போடுகிறாள். இரண்டு பேருக்கும் டேப் ஒரே அளவைத்தான் காட்டும்.

பொது அளவு ஒன்றைக் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தது. 1941இல் அறிக்கை வந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களின் அளவை மட்டும்தான். அப்புறம், தபாலில் துணி விற்ற கம்பெனிகள் அளவு சேராமல் திரும்பி வந்த துணிகளால் நட்டப்பட்டு, எல்லோருக்கும் ஒரே அளவுமுறை வேண்டும் என்று கேட்டன. 1958இல் அப்படி ஒன்று வந்தது. அதில் 8ஆம் எண்ணுக்கு மார்பு 31, இடுப்பு 23½ அங்குலம். விருப்பம் இருந்தால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது இருந்தது. 1983இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு.

எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு கம்பெனி தன் எம் சைஸை முடிவு செய்ய ஒரு மாடலை நிறுத்தி, அவர் உடம்புக்குச் சரியாக ஒரு துணி தைக்கும். அதிலிருந்து இத்தனை அங்குலம் கூட்டினால் எல், குறைத்தால் எஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். காலேஜ் பிள்ளைகளுக்குத் தைக்கும் கம்பெனி நிறுத்தும் மாடல் ஒருவர், ஐம்பது வயதுக்காரர்களுக்குத் தைக்கும் கம்பெனி நிறுத்தும் மாடல் வேறொருவர். இரண்டு எம்மும் எப்படி ஒன்றாக இருக்கும்? அந்த மாடல்கள் யாரும் நம் வீட்டு ஆள் இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சீனத் துணியில் இருக்கும் உண்மையான அளவு

நம் நாட்டுக் கடைகளில் பிரிட்டன் எண், ஐரோப்பிய எண், அமெரிக்க எண், ஆசிய எல் எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும். ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும். "சீனா சைஸ் சின்னது, இரண்டு சைஸ் கூட்டி வாங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை, ஏனென்றால் கூட்டுவதற்கு ஒரு நிலையான அடிப்படை அளவு வேண்டும். அதுதான் கடைக்குக் கடை மாறுகிறதே.

அதைவிட நல்ல வழி, கழுத்துக்குப் பின்னால் அல்லது உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன டேகைப் பார்ப்பது. சீனாவின் தேசிய அளவுமுறைப்படி தைத்த துணியில் எல், எக்ஸ்எல் பக்கத்தில் 165/88 ஏ என்பதுபோல ஒரு வரி இருக்கும். மேல்துணி என்றால் 165 என்பது போடுகிறவரின் உயரம், சென்டிமீட்டரில். 88 என்பது மார்புச் சுற்றளவு. கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. பெண்களுக்கு ஒய் என்றால் 19 முதல் 24 சென்டிமீட்டர், ஏ என்றால் 14 முதல் 18, பி என்றால் 9 முதல் 13, சி என்றால் 4 முதல் 8. ஆண்களுக்கு இந்த எண்கள் கொஞ்சம் குறையும். ஏ என்றால் 12 முதல் 16. சிலுவார், பாவாடை என்றால் நடுவில் இருக்கும் எண் இடுப்பு.

இது துணியின் அளவு இல்லை, யாருடைய உடம்புக்காக வெட்டினார்களோ அந்த உடம்பின் அளவு. 88 சென்டிமீட்டரை 2.54ஆல் வகுத்தால் 34½ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. மார்பு 38 இருக்கும் ஒருவர் அதை எல் என்ற எழுத்துக்காக வாங்கினால் தோளிலேயே நின்றுவிடும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், போட்டுப் பார்க்க இடம் இருக்காது, அங்கே எனக்கு ரொம்பக் கைகொடுப்பது இந்த ஒரு வரிதான்.

உடம்பை அளந்த விதம்

முதலில் டேப்பை அளந்தேன். துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டுவிடும். இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்து, சரியாக இருந்த பிறகுதான் கையில் எடுத்தேன்.

அளக்கும்போது மெல்லிய துணி உடுத்திக்கொண்டு, மூச்சை இழுக்காமல், சாதாரணமாக நிற்க வேண்டும். தன்னைத்தானே அளந்துகொண்டால் கை தூக்கும்போது தோள் ஏறிவிடும், அதனால் இன்னொருவர்தான் அளக்க வேண்டும். தோள் அளவு, முதுகுப் பக்கமாக ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை. மார்பு, முழுமையாக இருக்கும் இடத்தில், டேப் முதுகில் இறங்கிவிடாமல். இடுப்பு, உடை நிற்கும் இடத்தில். பின்பக்கம், அகலமான இடத்தில். சிலுவாருக்கு இன்னொன்று உண்டு, பலரும் அளப்பதில்லை: முன் இடுப்பிலிருந்து கவட்டு வழியாகப் பின் இடுப்பு வரை. உட்காரும்போது சிலுவார் பின்னால் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் இந்த அளவு போதவில்லை என்று அர்த்தம். இடுப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தீராது.

இன்றைக்கு இருக்கும் உடம்பை அளக்க வேண்டும். இளைத்த பிறகு போடலாம் என்று எடுத்த துணிகள் எங்கள் பீரோவிலும் இருந்தன. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன்.

உடம்பளவுக்கு மேல் எவ்வளவு லூஸ் விடுவது என்பது துணிக்குத் துணி மாறும். புடவை ரவிக்கைக்கு மார்பில் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். குர்தாவுக்கு மூன்று, நான்கு. ஆண்கள் சட்டைக்கு நான்கு, ஐந்து. மலாய்ப் பெண்களின் பாஜு கூரோங் உடை என்றால் அதன் அழகே விட்டுத் தைப்பதில்தான், ஆறுக்குக் குறையாது. டீ-ஷர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு லூஸே வேண்டாம். ஆகவே ஒருவருக்கு மார்பு 38 என்றால் ரவிக்கை 39, குர்தா 41½, சட்டை 42½. ஒரே ஆளுக்கு மூன்று அளவு. ஒற்றை எண்ணை "என் சைஸ்" என்று மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதில் என்ன பிரயோஜனம்?

தோள் பார்த்து வாங்குங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துத் தைக்க முடியாத இடம் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றதைத் தையல் பார்த்துக்கொள்ளும்.

மேல்துணியில் அந்த இடம் தோள். கையும் தோளும் சேரும் தையல், தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். சைடு லூசாக இருந்தால் இரண்டு பக்கமும் நேராக ஒரு தையல் போட்டால் ஆயிற்று. கை நீளம், கீழ் நீளம் எல்லாம் மடித்து அடிக்கும் வேலை. தோள் ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் கையை முழுதாகக் கழற்றி, கைக்குழியைத் திரும்ப வெட்டி, கையின் மேல் வளைவையும் அதற்கு ஏற்றாற்போல் வெட்டி, ஊசி குத்தி ஊசி குத்திச் சேர்க்க வேண்டும். லைனிங் இருந்தால் இரட்டை வேலை. கழுத்தைச் சுற்றிச் சம்கி வேலைப்பாடு இருந்தால் வெட்டவே முடியாது.

என்னுடைய இரண்டு குர்தா இதற்கு உதாரணம். பச்சைக் குர்தாவில் தோள் அச்சாக உட்கார்ந்தது, உடம்பு மட்டும் பாய் சுற்றியதுபோல இருந்தது. கை இடுக்கிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தேன், மொத்தத்தில் மூன்று அங்குலம் குறைந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஊதாக் குர்தாவில் மார்பு, இடுப்பு எல்லாம் சரி; தோள் மேற்கையில் தொங்கியது. நல்ல துணி, தோளில் பூ வேலை. அதை நான் தொடவில்லை. அத்தை மகளுக்குத் தோள் அகலம், அவளிடம் கொடுத்தேன். அவளுக்காகவே தைத்ததுபோல இருந்தது.

சிலுவாரில் பிரித்துத் தைக்க முடியாத இடம் கவட்டு. இடுப்பை ஓரளவு குறைக்கலாம், கொஞ்சம் கூட்டலாம், நீளத்தை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கவட்டு ஆழம் போதாவிட்டால் வேறு சிலுவார்தான்.

கறுப்பு சிலுவார்

தம்பிக்கு இடுப்பு 35½. உட்கார அரை அங்குலம் விட்டால் 36. சிலுவார் 37½. ஒன்றரை அங்குலம் குறைக்க வேண்டும். கவட்டு அவனுக்குச் சரியாக இருந்ததால் துணிந்து பிரித்தேன்.

ஆபீஸ் சிலுவாரில் ஒரு வசதி உண்டு. பின்பக்கம் நடுவில் பட்டி இரண்டு துண்டாக வந்து சேரும். பிரித்துத் தைப்பதற்காகவே அப்படி வைப்பார்கள். ஜீன்ஸில் பட்டி ஒரே துண்டு, நடுத் தையலும் மடித்து இரட்டை அடி போட்டது; அதில் இந்த வேலை செய்தால் வெளியே தெரியும்.

முதலில் அவனைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, பின்னால் நடுவில் கிள்ளி, இரண்டு இடத்தில் ஊக்குக் குத்தினேன். உட்காரச் சொன்னேன், குனியச் சொன்னேன். பிறகு பெல்ட் நுழைக்கும் நடு வளையத்தைக் கழற்றினேன். பட்டியின் உள்பக்கத் துணியை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் பிரித்தேன். தையல் பிரிப்பதில் அவசரம் கூடாது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக பிளேடு வைத்து அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தால் நூல் முழுசாக வந்துவிடும், துணியில் ஓட்டை விழாது. அறுந்த துணுக்குகளை ஒட்டும் டேப்பால் எடுத்தேன்.

கறுப்புத் துணியில் கோடு போட, குளித்துத் தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புத் துண்டுதான் நல்லது. முனை கூர்மையாக இருக்கும், தண்ணீர் பட்டால் போய்விடும். பழைய தையலிலிருந்து மேலே முக்கால் அங்குலம் உள்ளே தள்ளிக் குறித்து, அங்கிருந்து கீழே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய தையலை நெருங்கி, வளைவு தொடங்கும் இடத்தில் அதோடு கலந்துவிடும்படி கோடு இழுத்தேன். அந்தக் கோடு எங்கேயும் முறியக் கூடாது. சட்டென்று திரும்பினால் வெளியே சின்னப் பை மாதிரி துருத்தும். பதினான்காம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், சின்னத் தையல். உட்காரும்போது முழு பாரமும் வாங்கும் தையல் என்பதால் அதே கோட்டில் இரண்டு தடவை தைத்தேன்.

பிறகு பட்டியின் இரண்டு துண்டையும் அதே முக்கால் அங்குலம் தள்ளிச் சேர்த்து, தையலை இரண்டாக விரித்து, சுருட்டிய துண்டின் மேல் வைத்து அயர்ன் செய்தேன். வளைந்த இடத்தைத் தட்டைப் பலகையில் தேய்த்தால் வளைவே போய்விடும். மிச்சத் துணியை வெட்டவில்லை. ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே இருக்கிறது. அடுத்த வருஷம் அவனுக்கு இடுப்பு ஒரு அங்குலம் கூடினால் பிரித்து விடலாம்.

இந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. பின்பாக்கெட் இரண்டுக்கும் நடுவில் ஐந்து அங்குலம் இருந்தது, இப்போது மூன்றரை. இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைத்தால் பாக்கெட்டுகள் ஒன்றையொன்று இடிப்பதுபோல நெருங்கிவிடும், சைடு தையலும் பின்னால் இழுக்கும். "நாலு அங்குலம் பிடிச்சுக் குடுங்க அக்கா" என்று கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காசுக்கு அவர்கள் அளவில் வேறு சிலுவார் எடுக்கலாம்.

அம்மாவின் வலது தோள்

அம்மாவுக்கு ரவிக்கை எப்போதும் வலது பக்கம் நழுவும். எந்தக் கடையில் வாங்கினாலும், எந்த சைஸானாலும். கழுத்திலிருந்து கைக்குழிக்குச் சாய்வாக ஒரு சுருக்கம் விழும். ஊக்குக் குத்திக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

அம்மாவைச் சுவரோடு சேர்த்து நிற்க வைத்து, இரண்டு தோள் எலும்பின் உயரத்தையும் பென்சிலால் சுவரில் குறித்தேன். வலது தோள் அரை அங்குலம் கீழே இருந்தது.

"பால் வாளி தூக்கின தோளும்மா அது," என்றார்.

ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிய காலத்தில் வாளிகளைக் கம்பில் மாட்டி வலது தோளில்தான் சுமப்பாராம். வாளியால் இறங்கியதா, பிறப்பிலேயே அப்படியா என்று நான் சொல்ல முடியாது. பெரும்பாலோருக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஆனால் கடையில் விற்கும் எந்த ரவிக்கையும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வெட்டியிருக்கும். இந்தத் தோளுக்கு எம்மும் இல்லை, எல்லும் இல்லை. பேட் வைத்து மட்டம் செய்யலாம்தான். எங்கள் ஊர் வெயிலில் அம்மா அதைப் போடமாட்டார்.

வலது தோள் தையலையும் கையின் மேல்பாதியையும் பிரித்தேன். தோள் தையலைக் கை முனையில் அரை அங்குலம் உள்ளே தள்ளி, கழுத்துப் பக்கம் வர வரக் குறைத்துக்கொண்டே வந்து, கழுத்தில் பழைய தையலோடு சேர்த்துவிட்டேன். இதனால் கைக்குழி சின்னதாகிவிடும், கை தூக்கினால் இடுக்கில் வெட்டும். அதனால் கையின் கீழ்ப்பாதியையும் கழற்றி, கைக்குழியின் அடியை அதே அரை அங்குலம் இறக்கி வெட்டிவிட்டுக் கையைத் திரும்பச் சேர்த்தேன். சுருக்கம் போய்விட்டது. கையை மேலே தூக்கி, முன்னால் நீட்டி, பின்னால் கட்டி எல்லாம் பார்த்தார். நழுவவில்லை. இப்போது அந்த ரவிக்கைதான் அம்மாவின் அளவு ரவிக்கை. இனி எந்தத் தையல்காரரிடம் துணி கொடுத்தாலும் அதோடு சேர்த்துக் கொடுத்து, வலது தோளைத் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதிப் பின் குத்தி வைத்திருக்கிறேன்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் தீபாவளிக்குக் கட்டுத்துணி வாங்கித் தையல்காரரிடம்தான் கொடுப்பார்களாம். அவர் நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் இருந்தது அங்குலம் மட்டும்தான். அதைத்தான் இப்போது நாங்கள் போனில் எழுதி வைத்திருக்கிறோம்.

கடையில்

அளவுகள் போனில் இருக்க, டேப் பையில் இருக்க, ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். கடையில் டேப்பை எடுத்துத் துணியை அளந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தட்டையாகப் போட்டு அளந்து, தோள் சரியாக வந்ததை மட்டும் போட்டுப் பார்த்தோம். போட்டவுடன் கண்ணாடி முன் நேராக நிற்பது பத்தாது. உட்கார வேண்டும். கையை மேலே தூக்க வேண்டும். சட்டை பட்டன்களுக்கு நடுவே இடைவெளி வாய் பிளக்கிறதா, குர்தா பின்பக்கம் மேலே ஏறுகிறதா என்று இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். குறுக்கே வரி விழுந்தால் அந்த இடம் இறுக்கம். செங்குத்தாக மடிப்பு விழுந்தால் அந்த இடம் லூஸ்.

ஆன்லைனில் வாங்கும்போது என் வழி கொஞ்சம் வேறு. அளவுப் பட்டியலில் கொடுத்திருப்பது உடம்பளவா, துணியளவா என்று முதலில் பார்ப்பேன். ஒரு கடை மார்பு 40 என்று போட்டால் 40 மார்புள்ளவர் போடலாம் என்று அர்த்தம், இன்னொரு கடை போட்டால் துணியே 40தான். தெளிவாக இல்லையென்றால் விற்கிறவரிடம் கேட்பேன், பதில் வராவிட்டால் வாங்கமாட்டேன். துணியளவு என்றால் அதை என் உடம்போடு ஒப்பிடாமல், எனக்கு நன்றாகப் பொருந்தும் பச்சைக் குர்தாவின் அளவோடு ஒப்பிடுவேன். துணிக்குத் துணி ஒப்பிட்டால் லூஸ் கணக்கும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்து நீலப் பினாஃபோரும் இதே முறையில்தான். டேகில் வயது போட்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தால் எத்தனை உயரம்! தோளும் மார்பும் பார்த்து எடுத்து, கீழே மூன்று அங்குலம் மடித்து அடித்தேன். வளர வளர இறக்கிக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்து நீலம் வெளுத்தால் இறக்கும்போது பழைய மடிப்புக் கோடு தெரியும், அதற்குத்தான் உள்பக்கமாகத் திருப்பிப்போட்டுக் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பிக்குச் சாம்பல் நிறத்தில் பருத்திச் சிலுவார் ஒன்று. கடைப்பையன் "34 போட்டுப் பாருங்கண்ணே, இந்தக் கம்பெனி பெரிசா வரும்" என்றான். தம்பி 34ஐயும் 36ஐயும் வாங்கி இரண்டையும் அளந்தான். 34 போட்டது 35 இருந்தது, 36 போட்டது 36½. இரண்டையும் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு 36ஐ எடுத்தான். டேக் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீளம் இரண்டு அங்குலம் கூட இருக்கிறது. பருத்தி என்பதால் முதலில் ஒரு தடவை துவைத்துக் காயவைக்க வேண்டும், சுருங்குகிற வரை சுருங்கட்டும். இந்த மாதம் மத்தியானம் ஆனால் மழை, காய இரண்டு நாளாகும். அப்புறம்தான் கீழே மடித்து அடிப்பேன்.